காலுக்குத் தெரிந்த தாளம்: தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் இசை, ஆடல் மதிப்பீடு



இச்சொற்பொழிவு வரிசையில் மொழியையும் இலக்கியத்தையும் பற்றிப் பேசுவதே வழக்கம். பள்ளி மாணவர்க்கு இசையிலும் ஆடலிலும் உள்ள அறிவை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் இன்றைய பொருள் அவ்வழக்கத்திலிருந்து சற்று விலகியதாகத் தோன்றலாம். இயல், இசை, நாடகம் என மூன்றையும் ஒருசேரச் சொல்லி முத்தமிழ் என்று மகிழ்பவர்கள் நாம். எனினும் தமிழ்ப்பள்ளியில் தேர்வு என்று வந்துவிட்டால் இயலுக்கு மட்டுமே நம்மிடம் அளவுகோல் இருக்கிறது. மற்ற இரண்டும் பரிசளிப்பு விழாவன்று மேடையில் தோன்றி, மறுநாள் பள்ளியை விட்டு மறைந்துவிடுகின்றன. ஆகவே இதுவும் மொழியைப் பற்றிய பேச்சுத்தான் என்று கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இப்பொருளைக் கேமரன் மலையில் வைத்துப் பேச விரும்புவதற்குக் காரணம் உண்டு. 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த இம்மலைப்பகுதியில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திச் செடி நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். கோயில், கடை, பள்ளி என்று ஒரு சிற்றூர்க்கு உரிய யாவும் தோட்டத்திற்குள்ளேயே அமைந்தன. இன்றும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. போ, சுங்கை பாலாஸ், புளூவேலி ஆகிய தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் உள்ளன.

அம்மக்கள் கொண்டுவந்த உடைமைகளில் எடையில்லாதவை பாடல்களே. தாலாட்டு, கும்மி, கோலாட்டம், காவடிச்சிந்து, கோயில் திருவிழாவின் கரகம், ஒப்பாரி என அவை வாழ்வின் ஒவ்வொரு நிலைக்கும் ஒன்றாக இருந்தன. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசி எழுப்பும் அந்த ஒலியைக் கேட்டவுடன் கால் தானாக அசையாத தோட்டத்துப் பிள்ளை அரிது. இம்மலைக்கு முந்திய குடிகளான செமாய் மக்களும் மூங்கில் குழாய்களைத் தரையில் குத்தி ஒலியெழுப்பிச் செவாங் என்னும் ஆடலை ஆடுபவர்கள். அதைப் பற்றித் தனியே பேச ஒருவர் வரவேண்டும்.

இப்பாடல்கள் ஒலித்த சூழல் இன்று மாறிவிட்டது. கையால் கொழுந்து கிள்ளிய இடத்தில் கத்தரியும், இருவர் பிடித்து நடக்கும் வெட்டு இயந்திரமும் வந்துவிட்டன. இயந்திரத்தின் இரைச்சலில் யாரும் பாடுவதில்லை. வேலைக்கும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து ஆட்கள் வருகின்றனர். தமிழ்க் குடும்பங்களின் இளையோர் சமவெளி நகரங்களுக்கு இறங்கிவிட்டார்கள். பாடத் தெரிந்த பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்கக்கூடிய பேரப்பிள்ளைகளும் சிலர் இருக்கிறார்கள். இவ்விரு சாராரும் ஒரே இடத்தில் வாழும் காலம் இனி நெடிதாக இராது. பள்ளி இதில் என்ன செய்கிறது என்ற வினா அதனால்தான் அவசரமாகிறது.

பள்ளி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக்கான கலைத்திட்டத்திலேயே இசைக்கு இடம் தரப்பட்டது. 2011இல் வந்த புதிய கலைத்திட்டமும் முதலாம் ஆண்டிலிருந்தே இசையைச் சேர்த்தது. பாடுதல், கருவி இசைத்தல், இசைக்கேற்ப அசைதல், புதிதாகப் படைத்தல், கேட்டு நயத்தல் ஆகிய யாவும் அதில் உண்டு. நான்காம் ஆண்டிலிருந்து பிள்ளைகள் ரெக்கோடர் ஊதுகிறார்கள். ஆடல் மட்டும் தனிப்பாடமாக இல்லை. அதன் ஒரு துண்டு இசைப்பாடத்தின் அசைவுப் பகுதியிலும், மற்றொரு துண்டு உடற்கல்வியில் தாளத்தோடு இயைந்த அசைவாகவும், எஞ்சியது புறப்பாட நடவடிக்கையிலும் சிதறிக் கிடக்கிறது. மூன்று இடத்தில் இருப்பதை யாரும் தமக்குரியதாகக் கொள்வதில்லை.

1988 முதல் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அத்தேர்வு இருந்தவரை, அதில் இடம்பெறாத பாடங்களின் நேரத்தை அதில் இடம்பெற்ற பாடங்கள் விழுங்கிவிடுவது எல்லாப் பள்ளிகளிலும் கண்ட காட்சி. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இசை வேளை என்பது பெரும்பாலும் கணிதப் பயிற்சி வேளை. இப்பொழுது அத்தடை இல்லை. இசை மதிப்பீடு வகுப்பாசிரியரின் கையில் வந்திருக்கிறது. அந்தக் கையில் எந்த அளவுகோல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2011இல் பள்ளிசார் மதிப்பீடு தொடங்கியபோது ஆறு படிகள் வகுக்கப்பட்டன. ஆசிரியர்களுக்கு அவை மனப்பாடம். முதற்படி, மாணவர் அறிந்திருத்தல். இரண்டாம் படி, அறிந்து புரிந்திருத்தல். மூன்றாம் படி, அறிந்து புரிந்து செய்தல். அதற்கு மேற்பட்ட மூன்றும் செய்வதை ஒழுங்கோடும் சிறப்போடும் பிறர்க்கு எடுத்துக்காட்டாகவும் செய்தல். அதன்பின் ஒவ்வொரு பாடத்திற்கும் விளக்கங்கள் மாறின. இணையத்தில் பதிவேற்றும் சுமை ஆசிரியர்களை வாட்டியபின் 2014இல் நடைமுறையும் தளர்த்தப்பட்டது. ஆயினும் அறிவு முதலில், செயல் பிறகு என்னும் அந்த வரிசை நம் மனத்தில் தங்கிவிட்டது. அறிவியலுக்கும் கணிதத்திற்கும் அது பொருந்தலாம். இசைக்கும் ஆடலுக்கும் பொருந்துமா?

ஐந்தாம் ஆண்டு படிக்கும் தோட்டத்து மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். கோயில் திருவிழாவில் பெரியவர்களோடு வட்டத்தில் நின்று கும்மியடிக்கிறாள். பாட்டு விரைந்தால் அவளும் விரைகிறாள். நடுவில் ஒருவர் தடுமாறினாலும் அவள் கை தவறுவதில்லை. வட்டம் திரும்பும் இடம் அவளுக்குத் தெரிகிறது, யாரும் சொல்லவேண்டியதில்லை. கும்மி மும்மை நடையில் அமைந்தது என்பது இலக்கணம். மூன்று மூன்றாக ஓடும் அந்த அசைவை அவள் கால் பிழையில்லாமல் அறிந்திருக்கிறது. மறுநாள் வகுப்பில் அவளுக்கு ஒரு தாள் கொடுக்கிறார்கள். சுரக்குறியைப் பார்த்து அதன் பெயரை எழுத வேண்டும். எத்தனை அடி நீள்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு ரெக்கோடரில் மூன்று சுரங்களை ஊத வேண்டும். ஒன்றும் வரவில்லை. ஆசிரியர் அவளுக்கு முதற்படியையோ இரண்டாம் படியையோ குறிக்கிறார். அவர் தவறேதும் செய்யவில்லை. தாள் கேட்டதற்குத் தாளின்படி மதிப்பிட்டார். ஆனால் வகுப்பிலேயே தாளம் நன்கு அறிந்த பிள்ளை, தாளம் அறியாத பிள்ளையாகப் பதிவாகிவிட்டாள். இதில் வருந்தத்தக்கது மதிப்பெண் அன்று. தனக்கு இசை வராது என்று அவளே நம்பத் தொடங்குவாள் என்பதே.

வாய்வழியாகவும் உடல்வழியாகவும் கற்கும் கலையில் செயல் முன்னே வருகிறது. அதன் பெயர் நெடுநாள் கழித்து வருகிறது, சிலருக்கு வராமலும் போகிறது. குழந்தை பேசிய பிறகுதான் எழுவாய், பயனிலை என்ற பெயர்களைக் கற்கிறது. எழுவாய் என்றால் என்னவென்று தெரியாத குழந்தைக்குத் தமிழே தெரியாது என்று எந்த மொழியாசிரியரும் எழுதமாட்டார். இசையில் அப்படி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நம் பழைய நூல்கள் இதை எப்படிப் பார்த்தன? இசை, ஆடல் தேர்வு பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிக விரிவான பதிவு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. ஐந்தாம் அகவையில் கற்கத் தொடங்கிய மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். இது நம் தொடக்கப்பள்ளிக் காலத்தோடு ஏறக்குறைய ஒத்துவரும் வயது. அரங்கின் அளவும் சொல்லப்படுகிறது: இருபத்துநான்கு பெருவிரல் கொண்டது ஒரு கோல், அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆடி முடித்தபின் தலைக்கோலி என்ற பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். இவையெல்லாம் மாணவர்கள் அறிந்ததே. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. மாதவியின் ஆட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரின் தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். யார் கற்பித்தார், அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது முதலில்; மாணவி பிறகு. இன்று நம் படிவங்களில் மாணவர் பெயருக்கு நேரே ஆறு கட்டங்கள் இருக்கின்றன. மதிப்பிடுபவரின் செவிக்கு ஒரு கட்டமும் இல்லை. சிறிய தோட்டப் பள்ளியில் கணிதமும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியரே இசையையும் எடுக்க நேர்கிறது. அவரை இசைக்குப் பயிற்றாமல் அவரிடம் இசை மதிப்பீட்டைக் கேட்பது அவருக்கும் அநீதி.

சற்று வெளியே சென்று வருவோம். இங்கிலாந்தின் ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்னும் அமைப்பு 1889இல் தொடங்கப்பட்டது. மலேசிய நகரங்களில் பியானோவும் வயலினும் கற்கும் பிள்ளைகள் பலர் அதன் தரத் தேர்வுகளை எழுதுகிறார்கள். எட்டுத் தரங்கள். செய்முறைத் தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண். 100 பெற்றால் தேர்ச்சி. மூன்று உருப்படிகளுக்கு 90, சுரவரிசைக்கு 21, பார்த்தவுடன் இசைப்பதற்கு 21, செவித்திறனுக்கு 18. இதில் உருப்படி வாசிப்பே ஐந்தில் மூன்று பங்கு என்பதைக் காண்க. மேலை நாட்டு முறையை ஏட்டறிவு முறை என்று நம்மவர் எளிதில் சொல்லிவிடுகிறார்கள்; அது உண்மைக்குப் பொருந்தவில்லை. தொடக்கத் தரங்களின் செவித்திறன் பகுதியில் தேர்வாளர் ஒரு சிறு இசைத்தொடரை வாசிக்க, மாணவர் அதை எதிரொலிபோல் திருப்பிப் பாட வேண்டும். வாசிப்புக்கு ஏற்பக் கைதட்ட வேண்டும். ஒருவர் முன்பாட மற்றவர் பின்பாடும் நம் கும்மியிலும் பஜனையிலும் நடப்பது இதுவே. தோட்டத்துப் பிள்ளை நாளும் செய்வதற்கு அங்கே மதிப்பெண் உண்டு. ஆனால் அது பியானோவின் வழியாக வந்து சேரவேண்டும். அதற்கான கட்டணமும் பயிற்சியும் மலைத்தோட்டத்துக் குடும்பத்திற்கு எட்டுவதில்லை.

அமெரிக்காவின் அனுபவம் வேறொரு பாடம் தருகிறது. அந்நாடு முழுவதற்குமாக எட்டாம் வகுப்பு மாணவர்களின் கலையறிவை மதிப்பிட 1997இல் ஒரு பெரும் முயற்சி நடந்தது. இசை, நாடகம், காண்கலை, ஆடல் என நான்கிற்கும் வரையறை வகுத்தார்கள். ஆடல் மதிப்பீடு மட்டும் நடைபெறவில்லை. ஆடலை முறையாகக் கற்பிக்கும் பள்ளிகள் போதிய அளவில் இல்லாததே காரணம். 2008இலும் 2016இலும் மறுபடி நடத்தியபோது இசையும் காண்கலையும் மட்டுமே எஞ்சின. அதிலும் இசையில் மாணவரைப் பாடவோ இசைக்கவோ சொல்லவில்லை. கேட்டுப் பதிலளிக்கச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பாட்டைக் கேட்டு மதிப்பிடுவது செலவு மிக்க வேலை. எளிதில் அளக்கக்கூடியது எதுவோ அதுவே இறுதியில் அளக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. செல்வ நாட்டிற்கே இந்நிலை. நம்மிடம் உள்ள ஓர் அனுகூலம், நம் தோட்டப் பள்ளிகள் சிறியவை. ஒரு வகுப்பில் உள்ள பிள்ளைகள் அனைவரின் பாட்டையும் ஓர் ஆசிரியர் தாமே கேட்டுவிட முடியும். பெரிய பள்ளிக்கு வாய்க்காத பேறு இது.

நமக்கு மிக நெருங்கிய முன்மாதிரி இலங்கையில் இருக்கிறது. வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தோன்றியது. இசைக்கும் நடனத்திற்கும் தமிழ்வழியில் தரத் தேர்வுகளை நடத்தி, ஆசிரியர் தரம் வரை கொண்டுசெல்வது அதன் பணி. அரசுப் பள்ளிகளிலும் கருநாடக சங்கீதமும் பரதமும் பாடங்கள். பதினோராம் ஆண்டு முடிவில் வரும் சாதாரண தரத் தேர்வில் மாணவர் இவற்றைத் தேர்ந்தெடுத்து எழுதலாம். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. நடனப் பாடத்திட்டத்தில் பரதத்தோடு கிராமிய நடனங்களும் நாட்டுக்கூத்தும் இடம்பெறுகின்றன. இசையும் ஆடலும் கற்ற மாணவர்க்குத் தமிழிலேயே சான்றிதழ் தரமுடியும் என்று அவர்கள் பல்லாண்டுகளாகச் செய்துகாட்டி வருகிறார்கள்.

அதே நாட்டின் மலையகத்தில் நம்மைப் போன்றே தேயிலை மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பாடல்களைத் திரட்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் தோட்டத்தில் பிறந்தவர், ஆசிரியராகப் பணியாற்றியவர், தொழிற்சங்கவாதி, கவிஞர். நம் நாட்டிலும் முத்தம்மாள் பழனிசாமி தாம் கேட்டு வளர்ந்த நாட்டுப்புறப் பாடல்களை நூலாக்கித் தந்திருக்கிறார், அவரும் ஆசிரியரே. தோட்டப் பாடல்களைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இரு நாட்டிலும் பள்ளியாசிரியர்க்கு எழுந்திருப்பது நமக்கு ஊக்கம் தருகிறது.

இலங்கையிலிருந்து நாம் பெறவேண்டிய பெரிய பாடம் தேர்வுத்தாளில் இல்லை. கூத்துக் களத்தில் இருக்கிறது. மட்டக்களப்புப் பகுதியில் ஒரு கூத்தைப் பழகத் தொடங்கும்போது அண்ணாவியார் ஊராரை எடுத்தவுடன் ஆடவிடுவதில்லை. குரலையும் உடலையும் பார்த்து யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தேர்ந்து பாட்டைக் கொடுப்பது ஒரு நிகழ்ச்சி. அதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். பல மாதம் பழகி, கால் ஆட்டத்தில் நிலைபெற்ற பிறகே சதங்கை கட்டுவார்கள். பிறகு ஊரார் பார்க்க, தொடக்கமுதல் முடிவுவரை ஆடிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். அதையும் கடந்த பின்னரே அரங்கேற்றம். ஒரு கிராமச் சமூகம் தன் கலைஞரை நான்கு கட்டங்களில் மதிப்பிட ஒரு முறை வைத்திருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் வினா வேறு. குரல் பாத்திரத்திற்கு ஏற்றதா? கால் தாளத்தில் நிற்கிறதா? மற்றவரோடு இயைகிறதா? முழு இரவும் தாங்குமா? எங்கும் பெயர் கேட்கப்படவில்லை. சதங்கை கட்டியவர் தோல்வியடைவதும் இல்லை. கால் நிலைபெறும் வரை சதங்கை காத்திருக்கும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன் எனக் கூத்துகளை மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, கிராமத்து அண்ணாவியாரையே பல்கலைக்கழகத்திற்கு அழைத்துவந்து கற்பிக்கச் செய்தார். பட்டம் பெற்றோர் நிறைந்த இடத்தில் பட்டம் பெறாத ஒருவர் ஆசானாக நின்றார். பேராதனையும் தேயிலை மலைகளின் அடிவாரத்தில் அமைந்த ஊர்தான். அங்கே நடந்தது இங்கே தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் நடக்கலாம்.

எப்படி நடக்கலாம் என்று இனிச் சொல்கிறோம். கலைத்திட்டத்தை மாற்றவேண்டிய தேவையில்லை. பாடுதல், அசைதல், படைத்தல், நயத்தல் என்ற தலைப்புகளுக்குள் தோட்டத்துப் பாட்டுக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. மாற்ற வேண்டியது வரிசை. முதலில் பிள்ளையைச் செய்யவிட்டுக் கேட்போம். கும்மியில் ஆசிரியர் செவிகொடுக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பாட்டை நிறுத்திவிட்டுக் கைதட்டல் மட்டும் தொடரும்போது நடை சிதைகிறதா? வேகம் கூடும்போது அவள் கூட்டத்தோடு போகிறாளா, கூட்டத்தைத் தன்பின் இழுக்கிறாளா? முன்பாட்டுக்காரியாக நின்றால் அடுத்த அடியை உரிய இடத்தில் எடுக்கிறாளா? பழைய அடிக்குப் பதில் நேற்றைய பள்ளி நிகழ்ச்சியை வைத்து ஓர் அடி கட்டச் சொன்னால், மும்மை நடைக்குள் அச்சொற்களை அடக்கிவிடுகிறாளா? இந்தக் கடைசித் திறன் கலைத்திட்டம் கேட்கும் படைப்புத் திறனேதான். அதை ரெக்கோடரில் மட்டும் தேட வேண்டியதில்லை. இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு மும்மை நடை என்ற பெயரையும், அதற்குரிய சுரக்குறியையும் சொல்லிக் கொடுக்கலாம். அவள் கால் அறிந்ததற்குப் பெயர் வந்து சேரும்போது அது ஒரு நாளில் மனத்தில் ஏறும்.

ரெக்கோடரை நாம் ஒதுக்கவில்லை. பிள்ளைகள் அதில் முதலில் கற்கும் மூன்று சுரங்களுக்குள்ளேயே சுற்றிவரும் எளிய தாலாட்டு மெட்டு எதையேனும் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லலாம். கிடைக்காவிட்டால் ஒன்றைக் கட்டச் சொல்லலாம். கருவி அந்நியமாக இருந்தாலும் மெட்டு வீட்டுடையதாக இருக்கும்.

எச்சரிக்கைகளும் உண்டு. எல்லாப் பாட்டையும் வகுப்பறைக்குக் கொண்டுவரக் கூடாது. ஒப்பாரி இழப்பின் முன் எழுவது. அதைச் சிறு பிள்ளையைப் பாடச் சொல்லி மதிப்பெண் இடுவது நம் கருத்தில் அடாத செயல். அதைப் பதிவுசெய்து வைக்கலாம், மதிப்பிட வேண்டா. தப்பு இன்னாருக்கு உரியது, உறுமி இன்னார்தாம் அடிக்கவேண்டும் என்ற பழைய சாதி எண்ணம் தோட்டங்களில் முற்றாக மறைந்துவிட்டதாக நாம் சொல்லமாட்டோம். ஒரு பிள்ளை தப்பில் திறமையோடு இருந்தால் அத்திறமையை வகுப்பின் முன் பெருமைக்குரியதாக்குவது ஆசிரியர் கையில் உள்ளது. அதையே ஒரு குடும்பத்தின் அடையாளமாக்கிவிடும் இடரும் அவர் கையில் உள்ளது. கோயில் பாடல்களைப் பாட மனமில்லாத வேற்றுச் சமயப் பிள்ளைக்குக் கும்மி, ஏற்றப்பாட்டு, விளையாட்டுப் பாட்டு எனப் பொதுவான வகைகள் போதிய அளவில் இருக்கின்றன.

இதற்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். மதிப்பெண் வந்தவுடன் பாட்டும் பாடநூல் ஆகிவிடாதா, கும்மியும் மனனப் பகுதியாகிச் செத்துவிடாதா என்று கேட்பார்கள். அந்த அச்சம் பொய்யன்று; பரதம் தேர்வுக்குரியதானபின் அரைமணி நேர உருப்படியாகச் சுருங்கியதை நடனாசிரியர்கள் சொல்வதுண்டு. எனினும் மலைத்தோட்டத்தில் இன்று அப்பாட்டை எதிர்நோக்கும் கேடு மிகுதியான மதிப்பீடு அன்று, முழுமையான புறக்கணிப்பு. மதிப்பிடாத ஒன்றுக்குப் பள்ளி நேரம் ஒதுக்காது என்பதை யூ.பி.எஸ்.ஆர். காலத்தில் கண்டோம். ஆகவே மதிப்பிடலாம் என்பதே நம் முடிவு; மனப்பாடத்தை மட்டும் மதிப்பிடக் கூடாது. புதிய அடி கட்டும் திறனுக்கு மதிப்பளிக்கும் வரை எந்தக் கும்மியும் பாடநூலில் உறைந்துவிடாது.

வேலைச் சுமை பற்றியும் சொல்லியாக வேண்டும். புதிய படிவம் என்றவுடன் ஆசிரியர்கள் முகம் வாடுவதை இங்கிருந்தே காண்கிறோம். நாம் கேட்பது ஒரு கைப்பேசிப் பதிவு. நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு நிமிடம் பாடுவதையோ ஆடுவதையோ பதிந்து வைத்துக்கொள்ளலாம். ஆறாம் ஆண்டு முடிவில் இன்னொன்று. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டால் அடைவுநிலை எதுவென்று இசைப் பயிற்சி இல்லாத ஆசிரியருக்கும் விளங்கும். ஐயம் எழுந்தால் தோட்டத்தில் முன்பாட்டுக்காரியாக இருந்த மூதாட்டியரை ஒருநாள் பள்ளிக்கு அழைத்து உட்காரவைத்துக் கேட்கச் செய்யலாம். எந்தப் பிள்ளை தாளத்தில் நிற்கிறது என்பதை அவர்கள் ஒரு கணத்தில் சொல்லிவிடுவார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்பாடு செய்யக்கூடிய காரியம் இது. தேநீருக்கு மேல் செலவில்லை.

அப்பதிவின் அடியில் எழுதிவைக்க நான்கு வரி போதும். பிள்ளையின் பெயர், நாள், பாட்டின் முதலடி, நான்காவதாக அதை யாரிடம் கற்றது என்பது. பாட்டி, அம்மா, பக்கத்து வீட்டு அத்தை, கோயில் உறுமிக்காரர், இணையக் காணொலி என எதுவாயினும் உள்ளபடி எழுதலாம். மாணவச் செல்வங்கள் இந்த நான்காவது வரியை இன்று மாலையே வீட்டிலிருந்து கேட்டு வரலாம். பள்ளி தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.